பரம்பரை பக்தர்களின் மேலான கவனத்திற்கு

இந்தியாவில் இந்துவாக இருப்பதற்கு ஒரு காரியமும் செய்யவேண்டியதில்லை. கோயிலுக்குப் போகவேண்டாம், விபூதி பூசவேண்டாம், விரதம் இருக்கவேண்டாம், சாமி உண்டென்று நம்பக்கூட வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவர் இல்லை, பார்சி இல்லை, யூதர் இல்லை என்றால் முடிந்தது, அந்தச் சட்டம் உங்களையும் சேர்த்துக்கொள்ளும். 1953-இல் பிள்ளையார் சிலையைப் பொது இடத்தில் உடைத்த பெரியாரும் அரசாங்கக் கணக்கில் கடைசிவரை இந்துதான். பரீட்சை கிடையாது, கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது.

இப்படிச் சும்மா கிடைத்த ஒன்றுக்காகத்தான் நம் ஆட்கள் உயிரைக் கொடுக்கிறார்கள். சரியாகச் சொன்னால், அடுத்தவர் உயிரை.

கேட்டால், “இது எங்க பாட்டன் பூட்டன் விட்டுட்டுப் போனது” என்பார்கள். சரி, பாட்டன் விட்டுப்போனதையெல்லாம் ஒருமுறை கணக்கெடுப்போம். நஞ்சை, பிளாட் ஆகிவிட்டது. ஊருணியில் பிளாஸ்டிக் மிதக்கிறது. பித்தளை அண்டா பழைய பாத்திரக்காரன் தராசில் ஏறி எவர்சில்வராக இறங்கியது. பாட்டி வைத்த ஒப்பாரியில் ஒரு அடி தெரியாது. சாமி ஏன் கையில் அரிவாளோடு ஊர் எல்லையில் நிற்கிறது, அதற்கு என்ன கதை என்று கேட்டால் “ஏதோ பவர்ஃபுல் சாமி” என்று பதில் வரும். ஆனால் பாட்டன் யாரை எந்த இடத்தோடு நிறுத்தினார் என்பது மட்டும் அடி பிசகாமல் மனப்பாடம். இந்தத் தெருக்காரர்கள் வேப்பமரம்வரை, அந்தத் தெருக்காரர்கள் மண்டபம்வரை, காலனிக்காரர்கள் ரோட்டோடு சரி. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் வரைபடத்தில் பிழை வரலாம், இந்த வரைபடத்தில் வராது.

பட்டணத்துக்குப் போய்விட்ட பங்காளிக்குக் குலதெய்வம் ஞாபகம் வருவது ஜோசியர் வீட்டில். பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது, பையனுக்கு விசா கிடைக்கவில்லை. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “குலதெய்வக் குத்தம்” என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். உடனே ஊருக்குப் போன் பறக்கிறது. “பெரியப்பா, நம்ம சாமி ஆம்பளைச் சாமியா, பொம்பளைச் சாமியா?” தாத்தா காலத்துக்குப் பிறகு ஒரு விளக்குப் போடாத குடும்பம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இன்னோவாவில் வந்து இறங்குகிறது. இறங்கியவுடன் சங்கடமாகிவிடுகிறது. வெட்டவெளியில் ஒரு ஆலமரம். அதன் அடியில் எண்ணெய் ஏறிய ஒரு குத்துக்கல், துருப்பிடித்த அரிவாள், பாதி எரிந்த சுருட்டு, காலிக் குவார்ட்டர் பாட்டில். இதையா நியூ ஜெர்சி சம்பந்திக்குப் போட்டோ எடுத்து அனுப்புவது?

ஆகவே திருப்பணிக் கமிட்டி உருவாகிறது. பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஜிபே எண் போடப்படுகிறது. அடுத்த வருஷம் போனால் ஆலமரம் இருந்த இடத்தில் கிரானைட் தரை, எவர்சில்வர் கைப்பிடி, பெயிண்ட் வாசனை போகாத கோபுரம். குத்துக்கல்லுக்கு வெள்ளிக் கவசம். வெறும் கருப்பன் ‘அருள்மிகு ஸ்ரீ’ ஆகிவிட்டார். வேளார் மண் மிதித்து, சூளையில் சுட்டு, புரவியெடுப்பு அன்று ஊரே தோளில் தூக்கிவந்து நிறுத்திய மண் குதிரைகள் உடைந்து மதிலோரம் கிடக்கின்றன. அவற்றின் இடத்தில் சிமெண்டுக் குதிரை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சாமிக்குப் பூசை வைத்த வேளார் என்ன ஆனார்? கும்பாபிஷேகத்தன்று யாகசாலைக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே டவுனிலிருந்து காரில் வந்த சிவாச்சாரியார்கள் மந்திரம் சொன்னார்கள். பரம்பரைதான் பெரிது என்றால் முதல் பரிவட்டம் அந்த வேளார் தலையிலல்லவா ஏறியிருக்க வேண்டும்? அது ஏறியது மணல் குவாரி வைத்திருக்கும் பங்காளி தலையில். கும்பாபிஷேக பிளெக்ஸிலும் அவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். சாமி மேல் மூலையில் ஒரு வட்டத்துக்குள் இருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடலாம்.

சுருட்டுக்குத் தடை, சாராயத்துக்குத் தடை, கெடா வெட்டு கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்கு மாற்றம். ராத்திரி வேட்டைக்குப் போகிற சாமிக்கு இப்போது சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும். இதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாது என்று 1950-லேயே ஒரு சட்டம் போட்டு, அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைத் தூசி தட்டி எடுத்து, கெடா வெட்டினால் கைது என்று அறிவித்தது. நேர்ந்துவிட்ட கெடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நம் பாட்டிகள் சட்ட விரோதிகளாக நின்றார்கள். 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தல் வாசலில் நின்றபோது, அதே அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. கருணை கெடாவின் மீதா வாக்குச்சீட்டின் மீதா என்று கருப்பனுக்குத் தெரிந்திருக்கும். பாட்டியின் வழிபாட்டைப் போலீஸ் வைத்துத் தடுத்த அந்த ஆறு மாதத்தில் ‘இந்து தர்மத்துக்கு ஆபத்து’ என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய தர்மத்தில் பாட்டி என்றைக்குமே சேர்த்தியில்லை, தலைக்கணக்கு எடுக்கும்போது மட்டும் வேண்டும்.

சாமிகளின் கதைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

மதுரை வீரன் யார்? வாய்மொழிக் கதைப்படி அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மி என்ற பாளையக்காரர் மகளைக் காதலித்துக் கொண்டுபோனவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். முத்துப்பட்டன் யார்? பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் இருவரைக் கட்டிக்கொண்டு, தானும் அந்தத் தொழிலைச் செய்தவன். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் செருப்பைக் காணிக்கையாக வாங்கிக்கொள்கிற சாமி. காத்தவராயன்? ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைத் தேடி எடுத்துப் பதிப்பித்து வைத்துவிட்டுப் போனார். படிக்கத்தான் ஆளில்லை. நம் ஊர் எல்லைகளில் நிற்கும் சாமிகளில் பலர், சாதி தாண்டியதற்காகக் கொல்லப்பட்ட மனிதர்கள். கொன்ற ஊர் பயந்துபோய்ப் பீடம் வைத்துப் படையல் போட்டது. அந்தப் பயத்தில் ஒரு மனசாட்சியாவது இருந்தது.

இன்றைக்கு அந்தப் பயமும் போய்விட்டது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தன்னோடு படித்த பெண்ணுடன் பேசிக்கொண்டிருக்கப் போனார் ஒரு தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி. கோயிலிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் கேமராவில் பதிவானார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல். 2022-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஒரே உடம்பில் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் சாமியின் சந்நிதியில், ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து நின்றதுதான் குற்றமாகப் பட்டது. ‘எங்கள் கலாசாரத்தைக் காப்பாற்றினோம்’ என்று அதற்கும் வக்காலத்து வாங்கினார்கள். அந்தக் கலாசாரம் கர்ப்பக்கிருகத்திலேயே கல்லாக நின்று மறுக்கிறதே, ஐயா, நிமிர்ந்து பார்த்தீர்களா?

சாதி மாறிக் கல்யாணம் செய்து உயிரோடு தப்பித்தவர்களுக்கு ஊர் வேறு வழி வைத்திருக்கிறது. வரி வாங்க மாட்டார்கள்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இது புரியாது, விளக்கிவிடுகிறேன். ஊரில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஐந்நூறோ ஆயிரமோ ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்யும். உலகம் முழுக்க வரி கொடுக்க மறுப்பவனைத்தான் தண்டிப்பார்கள். இங்கே வரியை வாங்க மறுப்பதே தண்டனை. வாங்கிவிட்டால் பிரசாதம் கொடுக்கவேண்டும், கூட்டத்தில் உட்காரப் பாய் போடவேண்டும், வரவு செலவைப் படித்துக்காட்டவேண்டும், பரிவட்டம் கேட்டால் பதில் சொல்லவேண்டும். ஆகவே காலனிக்காரர்களிடம் வாங்குவதில்லை. “நாங்க என்ன அவங்களை அடிச்சமா, வெரட்டினமா? வரி வாங்கலை, அவ்வளவுதான்” என்பார் நாட்டாமை. அவ்வளவுதான். எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

பெண்ணுக்கும் இதே கதிதான். தமிழ்நாடு 1989-லும் இந்தியா 2005-லும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று சட்டம் போட்டாயிற்று. குலதெய்வத்தில் மட்டும் பங்கில்லை. தாலி ஏறிய நிமிஷத்தில் அவளுக்குச் சாமி மாறிவிடும், கேஸ் இணைப்பு மாற்றுவதற்கு இதைவிட நாளாகும். புருஷன் செத்துவிட்டால் தலைக்கட்டும் போயிற்று, அவள் முகமே அபசகுனம். ஈரோடு மாவட்டம் நம்பியூர்ப் பக்கம் ஒரு கோயிலில் பூசாரியாக இருந்தவர் இறந்துபோக, விதவை என்பதற்காக அவர் மனைவியையே திருவிழாவுக்கு வரக் கூடாது என்றார்கள். அந்த அம்மா உயர் நீதிமன்றம் போனார். பெண்ணுக்கென்று தனி அடையாளம் உண்டு, கல்யாணத்தை வைத்து அதைக் கூட்டவும் குறைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது என்கிற அர்த்தத்தில் 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அந்தச் சாமிக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணுக்கு ரிட் மனு தேவைப்பட்டிருக்கிறது.

பறைக்கு ஒரு வார்த்தை. சாமி இறங்கவேண்டும் என்றால் பறை வேண்டும். அடி மாறினால் சாமியாடிக்கு அருள் வராது, இது எல்லா ஊரிலும் தெரிந்த விஷயம். ஆக, சாமியை வரவழைக்கத் தெரிந்தவர் பறையடிப்பவர். ஆனால் வந்த சாமிக்கு முன்னால் அவர் நிற்கக் கூடாது. ரோட்டோரம் நின்று அடித்துவிட்டு, தூக்கிப் போடுகிற துண்டை ஏந்திக்கொள்ளவேண்டும். “இனிமேல் அப்படி அடிக்க மாட்டோம்” என்று இளைஞர்கள் சொன்னார்கள். ஊர் யோசித்தது, கேரளத்திலிருந்து செண்டை மேளத்தை இறக்கியது. மலையாளத்து அடிக்கு நம் கருப்பன் இறங்குவாரா என்று யாரும் கவலைப்படவில்லை. ரீல்ஸுக்கு நன்றாக இருக்கிறது.

இனி, மேல்பாதி. விழுப்புரம் மாவட்டம், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் தீமிதித் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் அடிக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு மேல் பேச்சுவார்த்தை. ஜூனில் கோயிலுக்கு வருவாய்த்துறை சீல் வைத்தது. திரௌபதியின் கதை நமக்குத் தெரியும். நிறைந்த சபையில் அவளை இழுத்துவந்து நிறுத்தியபோது பெரியவர்கள் எல்லாம் வழக்கம், முறை என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல்பாதியிலும் பெரியவர்கள் வழக்கம், முறை என்றுதான் பேசினார்கள், தலையைக் குனியவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது, பூசாரி மட்டும் போய்ப் பூசை செய்ய. பக்தர்கள் யாரும் வரக் கூடாது. ‘அவனும் வரலாம்’ என்பதைவிட ‘யாரும் வரவேண்டாம்’ என்பது தாங்கக்கூடியதாக இருந்த ஊருக்கு அதுதான் கிடைத்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

இந்த நாட்டில் கோயில் நுழைவுச் சட்டம் புதிதா? 1939 ஜூலை 8-இல் மதுரை வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். கதவைத் திறந்துவிட்டவர்கள் மேல் வழக்கு வராமல் இருப்பதற்கே ராஜாஜி தனிச் சட்டம் போடவேண்டியிருந்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம். அதற்குப் பிறகும் கண்டதேவி கோயில் தேர் யார் வடம் பிடிப்பது என்ற சண்டையில் வருஷக்கணக்காக நிலையைவிட்டு நகரவில்லை, 2024-இல்தான் மறுபடி ஓடியது. அன்று வாசலுக்கு வெளியே நின்ற நந்தனாரோ சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஜம்மென்று நிற்கிறார். கல்லாகிவிட்டால் தீட்டில்லை.

பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த சட்டம் 1970-இல் வந்தது, 1972-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் முறைப்படி படித்து முடித்த பிராமணரல்லாத அர்ச்சகர்களில் முதல் ஆள் 2018-இல்தான் மதுரையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆகமம் தடுக்கிறது என்கிறார்கள். கருவறை மேல் ஏ.சி. மாட்டும்போது ஆகமம் எங்கே போயிருந்ததோ.

பிடிமண் என்று ஒரு அழகான வழக்கம் உண்டு. பிழைக்கப் போகிறவர்கள் தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கோயில் கட்டுவார்கள். அப்படி நம் சாமிகள் மலேயா போயின, பர்மா போயின, சிங்கப்பூர் போயின. கருப்பன் கடல் தாண்டியிருக்கிறார். மேலத்தெருவிலிருந்து காலனிக்கு நடக்க மட்டும் அவரால் முடியவில்லை, அதுவும் தேர்ச் சக்கரம் அங்கே திரும்பாது, கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது, சந்து குறுகல் என்று கமிட்டி சொல்லும் காரணங்களால்.

‘பிடிக்கவில்லை என்றால் போகவேண்டியதுதானே’ என்று ஒரு பேச்சு. போய்ப் பாருங்கள். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்குத்தான். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போனால் சாதிச் சான்றிதழ் போய்விடும். சாதி மட்டும் கூடவே வரும், தேவாலயத்தில் தனி வரிசைவரை, கல்லறையில் தனிச் சுவர்வரை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 26-ஆம் பிரிவையும் படியுங்கள். மதம் மாறியவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகள் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆக, கோயில்காரன் உள்ளே விடமாட்டான், சட்டம் வெளியே விடாது.

அப்படியும் மீறிப் போனால்தான் அன்பு பொங்கும். 1981 பிப்ரவரியில் அன்றைய நெல்லை மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறின. அதுவரை டீக்கடையில் எந்த டம்ளர் என்று கேட்க நாதியில்லாத ஊருக்கு டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்து இறங்கினார்கள். மடாதிபதிகள் வந்தார்கள், மாநாடுகள் நடந்தன. போகும்முன் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. 2002-இல் ஜெயலலிதா அரசின் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அதுவும் கெடா வெட்டுச் சட்டத்தின் வழியே போனது. உள்ளே இருப்பவனைக் கட்டாயமாக வாசலில் நிறுத்துவதைத் தடுக்க ஒரு அவசரச் சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

‘மற்ற மதத்தைப் பற்றி இப்படி எழுதுவாயா?’ என்று கடிதம் வரும், தெரியும். பக்கத்து வீட்டுச் சொத்துக்கு நான் ஏன் கணக்குக் கேட்கவேண்டும்? என் பங்கு இங்கே இருக்கிறது. எங்கள் கருப்பனுக்கு நானும் வரி கொடுக்கிறவன்தான், அவர் முன்னால் நின்றால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். அதனால்தான் கேட்கிறேன். சொத்தைத் தின்றுவிட்டு எல்லைக்கல்லை மட்டும் கும்பிடுகிற பங்காளிகளை வேறு யார் கேட்பது?

சித்திரையோ ஆடியோ, உங்கள் ஊர்க் கோயில் வசூல் நோட்டு உங்கள் வீட்டுக்கும் வரும். பணத்தை எடுக்கும் முன் அந்த நோட்டை வாங்கிப் பெயர்களைப் படியுங்கள். ஊரில் எத்தனை தெரு, நோட்டில் எத்தனை தெரு என்று எண்ணுங்கள். விடுபட்ட தெருவையும், புருஷனை இழந்த அத்தையையும், சாதி மாறிக் கட்டிக்கொண்ட தம்பியையும் அங்கேயே, உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாது என்றால் உங்கள் பெயரையும் அடிக்கச் சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்.